துணைச்செவி

இமைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் வரைகிறவர்கள் அந்தப் பக்கம் வந்தபோது நாடே தூங்கிக்கொண்டிருந்ததால், யாரிடமும் பெயர் கேட்க முடியாமல் திரும்பிப் போய்விட்டார்கள்.

அந்த நாட்டாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. இரவில் கனவு கண்டு விழித்தவர் தலையைத் திருப்ப மாட்டார். எந்தப் பக்கம் படுத்திருந்தாரோ அதே பக்கம் கிடந்தபடி, கையை மட்டும் நீட்டி அருகில் படுத்திருப்பவரைத் தொட்டு எழுப்பி, கண்டதை ஒன்று விடாமல் சொல்லிவிடுவார். தலையைத் திருப்பினால் கனவு காது வழியாக வழிந்து தலையணைக்குள் போய்விடும் என்று அவர்கள் நம்பினார்கள். சொல்லி முடித்தபின் நிம்மதியாகப் புரண்டு படுத்து மறந்துவிடலாம். கேட்டவர் அதை விடியும்வரை வைத்திருந்து, காலையில் முகம் கழுவுவதற்கு முன் கண்டவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். இதற்கு ஒப்படைப்பு என்று பெயர். கேட்கிறவருக்குத் துணைச்செவி என்று பெயர்.

ஒப்படைப்புக்கு ஒரே ஒரு விதிதான். துணைச்செவி காலையில் என்ன சொல்கிறதோ அதுவே கனவு. கண்டவர் மறுத்துப் பேசக் கூடாது. அவர்தான் மறந்துவிட்டாரே, அவருக்கு என்ன தெரியும்? ஒரு துணைச்செவி மாற்றிச் சொல்லும் என்ற எண்ணம் அந்த நாட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

தனியாக வாழ்கிறவர்களுக்கும் வழி இருந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவரில், படுத்தால் தலை இருக்கும் உயரத்தில், ஒரு சிறிய துளை விட்டிருப்பார்கள். படகுத்துறைத் தெருவில் மருதியின் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு துளை உண்டு. அந்தப் பக்கம் வஞ்சி என்ற இளம்பெண் தனியாகக் குடியிருந்தாள். அரசாங்கத்துக்குக் கொடி தைப்பது அவள் வேலை. இந்தப் பக்கம் மருதி, அவள் கணவன் சாத்தன், மகள் பூவை. சாத்தன் படகோட்டி. மருதிக்குச் சாத்தன் துணைச்செவி. வஞ்சிக்கு மருதி.

"உன் கனவுல வர்ற மாப்பிள்ளை நேத்து மூக்கே இல்லாம வந்தான்டி" என்று மருதி காலையில் துளை வழியாகச் சொல்வாள்.

"ஐயோ, மூக்கு இல்லையா? வேற ஏதாவது இருந்துச்சா அக்கா, பாத்து வச்சீங்களா?"

"ஆடு இருந்துச்சு. ஆட்டுக்கு மூக்கு நல்லா எடுப்பா இருந்துச்சு."

பூவை பாயில் உருண்டு சிரிப்பாள்.

இப்படிப்பட்ட நாட்டில்தான் ஒருவர் தேர்தலில் நின்று, "உங்கள் வீட்டுக்கு ஒரு துணைச்செவி இருக்கிறது. இந்த நாட்டுக்கு இருக்கிறதா? நான் இருக்கிறேன்!" என்று முழங்கினார். அவர் சின்னம் காது. கூட்டத்தில் பலர் அழுதேவிட்டார்கள். அதுவரை ஆண்டவர்கள் யாரும் கேட்கிறேன் என்று சொன்னதே இல்லை. அவர் பெருவாரியாக வென்று, பெருஞ்செவியர் என்ற பட்டத்தோடு அரியணை ஏறினார்.

ஏறியதும் ஆற்றுக்கு ஒரு பாலம் கட்டினார். திறப்பு விழாவுக்கு முன் ஓர் ஆணை வந்தது. பாலம் உள்ள ஊரில் படகும் இருப்பது பாலத்தின் மீது நம்பிக்கை இல்லாததைக் காட்டும். ஆகவே படகுகள் உடைக்கப்பட வேண்டும். சாத்தன் தன் படகைத் தானே உடைத்தான். ஆட்களை விட்டு உடைத்தால் கண்டபடி உடைப்பார்கள் என்று சொன்னான். பலகைகள் அரசாங்கத்தின் விறகுக் கொட்டகைக்குப் போயின.

திறப்பு விழாவில் பாலத்தின் இருபுறமும் பள்ளிக் குழந்தைகள் கொடியோடு நிற்க வேண்டும். பூவைக்கு அப்போதுதான் காய்ச்சல் விட்டிருந்தது. காய்ச்சலுக்காக மொட்டையடித்த தலையில் முடி புல்லைப் போல முளைத்திருந்தது. எல்லாரும் சிரிப்பார்கள் என்று அவள் போக மறுத்தாள். வஞ்சி கொடித்துணியில் மிச்சம் விழுந்த துண்டுகளை ஒட்டுப் போட்டு ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு பூவை போனாள்.

பெருஞ்செவியர் நாடாவை வெட்டினார். கைதட்டல் எழுந்தது. பாலத்தின் நடுப்பகுதி உடைந்து ஆற்றுக்குள் போனது.

கரையில் படகோட்டிகள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஒரு படகுகூட இல்லை. சாத்தன் நீந்தித்தான் போனான். வெள்ளம் அவனைக் கீழ்த்துறையில் ஒதுக்கியபோது அவன் கையில் ஒரு கொடிக்கம்பு மட்டும் இருந்தது.

பூவையின் உடல் கிடைக்கவில்லை.

சில நாள் கழித்துக் கனவு நலத்துறை ஆணையர் நெடுமொழியார் தெருவுக்கு வந்தார். மருதியின் வாசலில் பட்டு விரித்து அதன்மேல் நின்றார்.

"பாலம் விழுந்தது என்று தாங்கள் பேசிவருவதாக அறிகிறோம். அந்தச் சொல் பொருத்தமற்றது. பாலம் ஆற்றின் ஆழத்தை ஆய்வு செய்வதற்காகக் கீழே இறங்கியிருக்கிறது."

"அப்ப எம் பொண்ணு?"

"ஆய்வுக் குழுவில் இடம் பெற்றிருக்கிறாள், அம்மா. பெருமைப்படுங்கள்."

"எப்ப திரும்பி வருவா?"

நெடுமொழியார் ஒரு நொடி யோசித்தார். "ஆய்வு முடிந்தவுடன்" என்றார்.

ஆனால் பூவை வந்தாள், கனவில். அநேகமாக ஒவ்வோர் இரவும் வந்தாள். மருதி தலை திருப்பாமல் சாத்தனைத் தொட்டுச் சொல்வாள். அவன் காலையில் ஒப்படைப்பான். "நனைஞ்சிருந்தா. தொப்பியப் புழிஞ்சுக்கிட்டே நின்னா. 'பசிக்குதும்மா'ன்னா." மருதி அதை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். அழுவாள். ஆனால் அன்றைய நாளுக்கு அவளுக்கு ஒரு மகள் இருந்தாள்.

ஆற்றின் இரு கரையிலும் எல்லா வீட்டிலும் இதே போன்ற கனவுதான். தெருத்தெருவாகக் காலையில் நனைந்த குழந்தைகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். இது அரசவைக்கு எட்டியது. பெருஞ்செவியர் மிகவும் வருந்தி ஆணையிட்டார். வீட்டுத் துணைச்செவிகள் அரைத்தூக்கத்தில் கேட்பவை, பயிற்சியற்றவை. மக்களின் விலைமதிப்பற்ற கனவுகளை அவற்றிடம் விட்டுவைக்க முடியாது. தெருவுக்கு ஓர் அரசுச் செவி நியமிக்கப்படும்; இரவில் அழைத்த வீட்டுக்கு வந்து கேட்டு, காலையில் அதுவே ஒப்படைக்கும். சுவர்த் துளைகள் அரசாங்கச் செலவிலேயே பூசி அடைக்கப்படும்.

இரவில் விழித்திருந்து பழகியவர்கள் என்பதால் அரசுச் செவிகளாகப் படகோட்டிகளையே எடுத்தார்கள். அவர்களுக்கும் வேறு பிழைப்பு இல்லை. படகுத்துறைத் தெருவுக்குச் சாத்தன் நியமிக்கப்பட்டான். காது வரைந்த தலைப்பாகை கொடுத்தார்கள்.

"வேற ஆள் வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்?" என்றாள் மருதி. "நல்ல காலம், நீயே வந்த."

அவன் தலைப்பாகையை ஆணியில் மாட்டினான்.

அடுத்த ஆணை ஈரம் பற்றியது. கனவுகளில் தண்ணீர் வருவது நாட்டின் மன உறுதியைக் குலைக்கிறது; ஒப்படைக்கும்போது அரசுச் செவிகள் தண்ணீரை நீக்கிவிட வேண்டும். ஆற்றைக் கண்டவரிடம் பூந்தோட்டம் என்றார்கள். மழையைக் கண்டவரிடம் மலர் தூவினார்கள் என்றார்கள். இமைநாட்டில் கிணறு வெட்டும் இடத்தைக் கனவில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இப்போது கிணற்றைக் கண்டவர்களுக்கு மாவு இடிக்கும் உரல் ஒப்படைக்கப்பட்டதால் புதிய கிணறு எதுவும் வெட்டப்படவில்லை. பழைய கிணறுகள் வற்றின. பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். வரிசை நீளமாக இருப்பது மக்களின் ஒழுங்கைக் காட்டுகிறது என்று நெடுமொழியார் பாராட்டினார்.

ஆனால் மருதி தேறிவந்தாள். சாத்தன் ஒப்படைத்த பூவை இப்போதெல்லாம் சிரித்தாள். வயிறு நிறைந்தவளாய் இருந்தாள். இரட்டைப் பின்னலில் சிவப்பு நாடா கட்டி, கொடி அசைத்துக்கொண்டு ஓடிவந்தாள். மருதி முன்பு போல அழவில்லை. ஒரு வேளை சேர்த்துச் சாப்பிட்டாள். ஆனால் விழிக்கும்போது அவளுடைய வலது கை மட்டும் ஏனோ எதையோ இறுகப் பிடித்திருந்ததைப் போல வலித்தது.

ஒருநாள் தண்ணீர் வரிசையில் வஞ்சி முன்னால் நின்றிருந்தாள். மெல்லத் திரும்பி, "அக்கா, நேத்து எங்கனவுல உங்க பூவை வந்தாளாம். அண்ணன் காலையில சொல்லிட்டுப் போனாரு" என்றாள். "ரெட்டைப் பின்னல், சிவப்பு நாடா. கொடிய ஆட்டிக்கிட்டுச் சிரிச்சாளாம்."

"எனக்கும் அப்படித்தான் வந்தா."

"நாடா கூடவா?"

"நாடா கூட."

வரிசை ஓரடி நகர்ந்தது. இருவரும் நகரவில்லை. பின்னால் நின்ற பெண், "போங்கம்மா, தூங்குறீங்களா?" என்றாள்.

"அக்கா" என்றாள் வஞ்சி. "பின்னல் போட அவளுக்கு ஏதுக்கா முடி? நாந்தானே தொப்பி தச்சேன்."

மருதி காலிக் குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள். மொட்டைத் தலையை மறந்தது அவள்தான். அதைத் தன் கையாலேயே தடவித் தடவித் தூங்க வைத்தவள் அவள். மாதக்கணக்கில் யாரோ பின்னிய பின்னலை வாங்கி வைத்துக்கொண்டு மகள் என்று நினைத்திருந்தாள்.

சாத்தன் மதியத் தூக்கத்தில் இருந்தான். அவள் அவனை உலுக்கி எழுப்பினாள்.

"அந்தப் பின்னல் யாருது?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். "மேலேருந்து எழுதிக் குடுக்கிறாங்க. பொண்ணுன்னா ரெட்டைப் பின்னல், பையன்னா வெள்ளைச் சட்டை" என்றான்.

"ஊருக்குச் சொல்லு. எனக்குமா?"

"நீ சாப்பிடாம கெடந்த மருதி. ராத்திரிக்கு ராத்திரி அவளை நனைஞ்சபடியே உங்கிட்டக் குடுக்க என்னால முடியல. காய்ஞ்ச துணியோட, சிரிச்ச மூஞ்சியோட குடுத்தேன். அது அவ்வளவு தப்பா?"

"அவ நனைஞ்சு வந்தா நனைஞ்சவளாவே எனக்குக் குடு. தொடைச்சு விட நான் இருக்கேன்ல? அதுக்குத்தானே அவ அம்மாகிட்ட வர்றா?"

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"சரி" என்றாள் அவள். குரலைத் தணித்துக்கொண்டாள். "இத்தனை நாளும் அவ நெசமா என்ன சொன்னா? அதையாவது இப்பச் சொல்லு."

அவன் பாயின் ஓரத்தைச் சுருட்டினான்.

"சொல்லுய்யா."

"ஒரு தெரு முழுக்க வீடு வீடாப் போயி அந்தப் பின்னலையே சொல்லிட்டு வர்றேன் மருதி. மத்தது எல்லாம்..." அவன் தன் காதைத் தொட்டான். "இங்க இல்ல. போயிருச்சு."

அன்றிலிருந்து மருதி அவனை எழுப்புவதில்லை. கனவு வந்தால் கூரையைப் பார்த்தபடி தலை அசையாமல் கிடந்து, விடியும்வரை தானே அதைப் பிடித்து வைத்திருக்கப் பார்த்தாள். அவளுக்கு அது பழக்கமில்லை. விடிவதற்குச் சற்று முன் அசந்துவிடுவாள். எழும்போது கை வலி மட்டும் மிஞ்சும்.

இதற்கிடையில் அரசாங்கத்துக்குச் செவிகள் போதவில்லை. வீடு வீடாக ஒரே கனவைச் சொல்வதற்கு இத்தனை பேர் எதற்கு என்று ஒரு நிபுணர் குழு கேட்டது. நல்ல கேள்விதான். ஆகவே, ஒரே நாடு ஒரே கனவு என்ற மகத்தான திட்டம் பிறந்தது. விடியலில் ஊர் மேடையிலிருந்து ஓர் அரசுச் செவி பித்தளைக் கொம்பு வழியாகக் கனவை அறிவிப்பார். மக்கள் வாசலில் நின்று, "ஆம், அதுதான்!" என்று ஒரே குரலில் சொல்ல வேண்டும். "அப்படி இல்லையே" என்று சொன்ன ஒரு கொல்லரைக் காது சுத்தம் செய்ய அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தபின் அவர் எதையும் மறுக்கவில்லை. எதுவும் அவர் காதில் விழவுமில்லை. அண்டை நாட்டுத் தூதர்கள் ஒரு தேசமே ஒரே கனவைக் காணும் ஒற்றுமையைக் கண்டு வியந்து ஓலை எழுதினார்கள்.

பிறகு ஒரு விடியலில் கொம்பு சொன்னது: பாலம் இறங்கியது என்பதே ஒரு கனவு. அதுவும் பயிற்சியற்ற செவிகள் தவறாகக் கேட்ட கனவு. சரியாகக் கேட்டால், அது ஒரு திருவிழா.

"ஆம், அதுதான்" என்றார்கள் மக்கள்.

விழாதது மீண்டும் விழ முடியாது என்பதால் பழைய ஒப்பந்தக்காரரே பாலத்தை மறுபடி கட்டினார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். இருபுறமும் பள்ளிக் குழந்தைகள் கொடியோடு நிற்க வேண்டும். வஞ்சிக்கு மறுபடி மூட்டை மூட்டையாகத் துணி வந்தது.

மருதி தெருவில் ஒவ்வொரு வாசலாக ஏறினாள். ஒருத்தி தன் மகனுக்குப் புதுச் சட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூத்த பையன் பூவையோடு பாலத்தில் நின்றவன்.

"அனுப்பாதம்மா" என்றாள் மருதி.

"ஏன்க்கா?"

"ஏனா? உன் பெரியவன் எங்க?"

அந்தப் பெண் குழம்பிப்போய்ச் சிரித்தாள். "ஆய்வுக்குப் போயிருக்கான். நீங்க அந்தக் கெட்ட கனவை இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கீங்களாக்கா? அதான் காலையில சரியாச் சொல்லிட்டாங்களே." சொல்லும்போது அவளுடைய வலது கை தானாக மூடித் திறந்து மூடியது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

விழாவுக்கு முந்தைய இரவு பூவை வந்தாள். மருதி விழித்தாள். தலையைத் திருப்பவில்லை. இருட்டில் சாத்தனும் விழித்துக் கிடக்கிறான் என்பது அவன் மூச்சில் தெரிந்தது. இதை அவளால் விடியும்வரை தனியாகச் சுமக்க முடியாது. இது அவனுக்கும் உரியதாக இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு அவள் கையை நீட்டி அவனைத் தொட்டாள்.

"சொல்லு" என்றான்.

அவள் சொன்னாள். அவன் இடையில் ஒருமுறை மூச்சை இழுத்துப் பிடித்தான்.

"மாத்தாமக் குடு" என்று சொல்லிவிட்டு அவள் புரண்டு படுத்தாள்.

காலையில் அவன் இல்லை. தலைப்பாகையும் ஆணியில் இல்லை. ஒப்படைக்காமலே போயிருந்தான். இமைநாட்டில் எவ்வளவு கெட்ட கணவனும் செய்யாத காரியம் அது. மருதி முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கழுவாத முகத்தோடு, ஆற்றங்கரைக்கு நடந்தாள்.

பாலத்தின் முகப்பில் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். பெண்களுக்கு இரட்டைப் பின்னல், சிவப்பு நாடா. பையன்களுக்கு வெள்ளைச் சட்டை. கொடிகள் படபடத்தன. மேடையில் பெருஞ்செவியர் அமர்ந்திருந்தார். நெடுமொழியார் எழுந்து, "விழாவின் முதல் நிகழ்ச்சியாக, நேற்றிரவு நமது நாடு கண்ட கனவு ஒப்படைக்கப்படும்" என்றார். அன்று கொம்பில் அறிவிக்கும் முறை சாத்தனுடையது; அவன் அதன் அருகே வந்தான். எழுதிக் கொடுத்த ஓலை அவன் கையில் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"ஒரு பொண்ணு வந்தா" என்றான். பித்தளைக் கொம்பு அந்தக் குரலை இரு கரைக்கும் கொண்டுபோனது. "மொட்டைத் தலை. முடி இப்பத்தான் முளைச்சிருந்துச்சு. கொடித்துணியில தச்ச தொப்பி. முழுக்க நனைஞ்சிருந்தா. அம்மா கையப் புடிச்சிருந்தா, வலிக்கிற அளவுக்கு."

கூட்டத்தில் பெண்கள் தங்கள் கைகளைக் குனிந்து பார்த்தார்கள்.

"'அம்மா, தண்ணி சில்லுனு இருக்கு'ன்னா. 'எல்லாரும் இங்கதான் இருக்கோம். அப்பாவைப் படகு எடுத்துட்டு வரச் சொல்லு'ன்னா."

அவன் கொம்பிலிருந்து வாயை எடுத்தான். மேடைக்குக் கீழே, கழுவாத முகத்தோடு நின்ற மருதியைப் பார்த்து, கொம்பில்லாமல் சொன்னான்: "அவ்வளவுதான். மாத்தல."

ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, கேட்டதும் சொல்ல வேண்டும் என்று அத்தனை காலம் பழக்கப்பட்ட வாய்கள் தாமாகத் திறந்தன.

"ஆம்" என்றது இமைநாடு. "அதுதான்."

சொன்னபின்தான் என்ன சொன்னோம் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. புதுச் சட்டை அளவு பார்த்த பெண் முதலில் ஓடினாள். வரிசையிலிருந்த தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு பாலத்தின் முகப்பில் கொடிகள் மட்டும் கிடந்தன. பெருஞ்செவியர் நெடுமொழியாரைப் பார்த்தார். நெடுமொழியார் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். துணைச்செவி காலையில் சொல்வதுதான் கனவு. மறுக்க யாருக்கும் உரிமையில்லை. அந்த விதியை மாற்ற அவர்கள் யாரும் அதுவரை நினைக்கவே இல்லை.

மாலைக்குள் மாற்றினார்கள். இனிமேல் கனவு காலையில் அறிவிக்கப்படாது. அரசவை சரிபார்த்து மதிய உணவுக்குப் பின் அறிவிக்கும். பாலம் அன்று ஆள் இல்லாமலே திறந்து வைக்கப்பட்டது. ஆற்றங்கரையை மறைத்து உயரமான திரை கட்டினார்கள். இரண்டு நாள் கழித்து இரவில் அந்தப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. மறுநாள் மதியம் கொம்பு அதை இடி என்றது. "ஆம், அதுதான்" என்றார்கள் மக்கள். ஆனால் பிள்ளைகளை யாரும் ஆற்றுப் பக்கம் அனுப்பவில்லை.

சாத்தன் ஆய்வுக் குழுவில் சேர்க்கப்பட்டிருப்பதாக நெடுமொழியார் நேரில் வந்து தெரிவித்தார். எப்போது திரும்பி வருவான் என்று மருதி கேட்கவில்லை. அவர் அந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்து வந்திருந்ததால் சற்று ஏமாற்றத்தோடு, வாசலில் விரித்த பட்டைச் சுருட்டிக்கொண்டு போனார்.

தேர்தல் நடந்தது. பெருஞ்செவியர் முன்னிலும் பெரிய வெற்றி பெற்றார். மக்கள் வாக்களித்த நாளை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. மதியத்துக்குப் பிறகு கொம்பு சொல்லித்தான் அவர்களுக்கே தெரிந்தது.

ஒரு நாள் இரவு மருதி விழித்தாள். தலையைத் திருப்பவில்லை. கையை நீட்டினாள். பாயில் பக்கத்து இடம் குளிர்ந்து கிடந்தது. அந்தக் கையை அப்படியே சுவர் பக்கம் கொண்டுபோனாள். பூச்சு அடைத்திருந்த இடம் விரலுக்குச் சற்று மென்மையாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. கத்தரிக்கோல் முனையாக இருக்க வேண்டும்.

துளை வழியே காற்று வந்தது.

"சொல்லுங்கக்கா" என்றாள் வஞ்சி. "கேக்குறேன்."

"இன்னிக்கு ரெண்டு பேரா வந்தாங்கடி" என்றாள் மருதி. "அவரு படகு கொண்டு போயிட்டாரு."

வஞ்சி துளையில் காதை வைத்தாள். பிறகு, ஒரு துணைச்செவி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"நனைஞ்சிருந்தாங்களா?"

"ரெண்டு பேருமே."

"சரிக்கா. அப்படியே வச்சிருக்கேன். நீங்க தூங்குங்க."

மருதி புரண்டு படுத்தாள்.